மகிழம்

மகிழம் அல்லது வகுளம் (தாவரவியல் பெயர்: மிமுசாப்சு எலங்கி) என்பது வெப்ப மண்டலத்தில் வளரும் ஒரு பசுமை மாறாப் பழ மரம் ஆகும். இது மகிழ், மகிழ மரம், இலஞ்சி என்னும் பெயர்களாலும் அழைக்கப்படுகிறது. இதன் தாயகம் இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா ஆகியவற்றை உள்ளடக்கிய பகுதியாகும். மணம் மிக்க சிறிய பூக்களுக்காகவும் அடர்ந்த நிழலுக்காகவும் கோயில்களிலும் சாலையோரங்களிலும் வளர்க்கப்படுகிறது. இதன் பழம் உண்ணத்தக்கது. பூ, பட்டை, விதை, மரம் ஆகிய அனைத்தும் பயன்படுகின்றன.

சென்னையின் வட எல்லையில் உள்ள திருவொற்றியூர் தியாகராச சுவாமி கோயிலின் தல மரம் மகிழம் ஆகும். துறைமுகங்களும் தொழிற்சாலைகளும் நிறைந்த இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிச் சிறுவர்களுக்கு, தம் ஊரின் பழைய வரலாற்றோடு தொடர்புடைய ஒரு மரத்தைக் கண்டும் தொட்டும் முகர்ந்தும் அறிந்து கொள்ள இம்மரம் நல்ல வாய்ப்பாக உள்ளது.

அறிவியல் வகைப்பாடு

திணை: தாவரம்
வகை: பூக்கும் தாவரம், இருவித்திலைத் தாவரம்
வரிசை: எரிக்கேலிசு
குடும்பம்: சப்போட்டேசியே (சப்போட்டாக் குடும்பம்)
பேரினம்: மிமுசாப்சு
இனம்: மி. எலங்கி

பெயர்கள்

தமிழில் மகிழ், மகிழம் என்னும் சொற்களே பெரிதும் வழங்குகின்றன. மகிழ்தல் என்னும் வினைச்சொல்லின் அடியும் இதுவே. வகுளம் என்பது வடமொழியில் பகுளம் என வழங்கும் சொல்லோடு தொடர்புடையது. வடமொழியில் கேசரம் என்ற பெயரும் உண்டு. இலஞ்சி என்னும் பெயர் தமிழிலும் மலையாளத்திலும் வழங்குகிறது. தமிழில் இலஞ்சி என்பதற்குக் குளம் என்ற பொருளும் இருப்பதால் பழைய நூல்களைப் படிக்கும்போது இடம் நோக்கிப் பொருள் கொள்ள வேண்டும்.

பிற மொழிகளில் இதன் பெயர்கள் வருமாறு:

- தெலுங்கு: பொகட
- கன்னடம்: பகுள, ரஞ்செ
- மலையாளம்: இலஞ்ஞி
- இந்தி: மௌல்சிரி
- வங்காளம்: பொகுல்
- சிங்களம்: மூணமல்
- மலாய்: தஞ்சுங்
- தாய்: பிகுன்

இம்மரத்தின் அறிவியல் பெயரில் ஒரு தென்னிந்தியச் சொல் இடம்பெற்றுள்ளது. கொச்சியில் ஒல்லாந்தரின் ஆளுநராக இருந்த என்றிக் வான் ரீடு என்பவர் மலபார்ப் பகுதியின் தாவரங்களைப் பற்றித் தொகுத்த "ஓர்த்தசு மலபாரிக்கசு" என்னும் நூல் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்சுடர்டாமில் வெளிவந்தது. அந்நூலில் இம்மரம் அதன் மலையாளப் பெயரைத் தழுவி "எலஞ்சி" என்ற வடிவில் குறிக்கப்பட்டது. சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கரோலசு லின்னேயசு 1753-இல் இம்மரத்துக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது அச்சொல்லையே "எலங்கி" என எடுத்துக் கொண்டார். மிமுசாப்சு என்பது குரங்கின் முகம் போன்றது என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆனது.

பரவலும் வளரிடமும்

மகிழம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள், கடற்கரையை அடுத்த பசுமை மாறாக் காடுகள், இலங்கை, அந்தமான் தீவுகள், மியன்மார், தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா முதலிய இடங்களில் இயற்கையாகக் காணப்படுகிறது. பிற வெப்ப நாடுகளில் நிழலுக்காகவும் அழகுக்காகவும் நடப்படுகிறது.

இது வெயிலை விரும்பும் மரம். இளம் பருவத்தில் ஓரளவு நிழலையும் பொறுத்துக் கொள்ளும். மணற்பாங்கான நிலத்திலும் கடற்காற்று படும் இடத்திலும் வளரக் கூடியது. ஆண்டு முழுவதும் இலைகளோடு இருப்பதால் இலையுதிர் காலம் என ஒன்று இதற்குத் தனியாக இல்லை. பழைய இலைகள் சிறிது சிறிதாக உதிர, புதிய இலைகள் தோன்றிக் கொண்டிருக்கும்.

தோற்றம்

மரம்

நடுத்தர உயரமுள்ள மரம். சாதாரணமாக 10 முதல் 16 மீட்டர் வரை வளரும். காடுகளில் இதனினும் உயரமாக வளர்வதுண்டு. அடிமரம் குட்டையாகவும் கிளைகள் நெருக்கமாகவும் இருக்கும். மரத்தின் முடி உருண்டு அடர்ந்து, குடை விரித்தது போல் தோன்றும். பட்டை கருஞ்சாம்பல் நிறமாகவும் வெடிப்புகளோடும் காணப்படும். பட்டையையோ இளங்காயையோ கீறினால் வெண்ணிறப் பால் வடியும்.

இலை

இலைகள் தனித்தனியே மாற்றடுக்கில் அமைந்தவை. நீள்வட்ட வடிவம் கொண்டவை. 5 முதல் 15 செ.மீ. வரை நீளம் இருக்கும். மேற்பரப்பு வழுவழுப்பாகவும் பளபளப்பான கரும்பச்சை நிறமாகவும் இருக்கும். இலையின் ஓரம் மெல்லிய அலை போல நெளிந்திருப்பது மகிழத்தை அடையாளம் காண உதவும் குறிப்பு ஆகும். நெட்டிலிங்க மரத்தின் இலை ஓரமும் நெளிந்திருக்கும். ஆனால் அவ்விலை மிக நீண்டு குறுகியது. அதனைக் கிள்ளினால் பால் வராது.

பூ

பூக்கள் இலைக் கணுக்களில் தனியாகவோ சிறு கொத்துகளாகவோ தோன்றும். குறுக்களவு ஏறத்தாழ 1.5 முதல் 2 செ.மீ. வரை இருக்கும். மங்கிய வெண்ணிறம் அல்லது பாலேட்டின் நிறம் கொண்டவை. புல்லி இதழ்கள் எட்டு. அவை நான்கு வெளியிலும் நான்கு உள்ளிலுமாக இரண்டு வட்டங்களில் அமைந்துள்ளன. அல்லி இதழ்கள் அடியில் இணைந்து, மேலே ஏறத்தாழ 24 குறுகிய மடல்களாகப் பிரிந்திருப்பதால் பூ ஒரு சிறு விண்மீன் போலவோ தேர்ச் சக்கரம் போலவோ தோன்றும்.

பூக்கள் மாலையிலும் இரவிலும் நன்கு மணம் வீசும். விடியற்காலையில் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும். உதிரும்போது முழுப் பூவும் விழுவதில்லை. அல்லி இதழ் வளையமும் அதனோடு ஒட்டிய மகரந்தத் தாள்களும் மட்டுமே விழுகின்றன. நடுவில் இருந்த சூலகம் புல்லி இதழ்களோடு கிளையிலேயே தங்கிக் காயாக வளர்கிறது. சூலகம் இருந்த இடம் வெறுமையாகி விடுவதால் விழுந்த பூவின் நடுவில் ஒரு துளை உள்ளது. மகிழம்பூவை ஊசி இல்லாமலே நூலிலோ வாழை நாரிலோ கோக்க முடிவது இத்துளையினால்தான்.

மகிழம்பூ வாடிய பின்னும் மணம் மாறாதது. காய்ந்து பழுப்பு நிறம் அடைந்த பூவும் நெடுநாள் மணம் தரும்.

காய், பழம், விதை

காய் முட்டை வடிவமானது. முனை சற்றுக் கூர்மையாக இருக்கும். நீளம் ஏறத்தாழ 2.5 செ.மீ. இளங்காய் பச்சை நிறமாகவும் துவர்ப்பாகவும் இருக்கும். பழுக்கும்போது மஞ்சளாகிப் பின்னர் செம்மஞ்சள் நிறம் பெறும். காம்பின் அருகே புல்லி இதழ்கள் ஒரு சிறு தொப்பி போல ஒட்டியிருக்கும். சதை மஞ்சள் நிறமானது, மாவு போன்றது. இனிப்போடு சிறிது துவர்ப்பும் கலந்த சுவை உடையது. சூலகத்தில் எட்டு அறைகள் இருந்தபோதிலும் பெரும்பாலும் ஒரே ஒரு விதை மட்டுமே முதிர்கிறது. விதை தட்டையாகவும் பளபளக்கும் பழுப்பு நிறமாகவும் கடினமாகவும் இருக்கும். சப்போட்டா விதையைப் பார்த்தவர்களுக்கு இதன் உறவு உடனே விளங்கும்.

பழங்களைப் பறவைகளும் வௌவால்களும் உண்டு விதைகளைப் பரப்புகின்றன.

உறவு மரங்கள்

சப்போட்டாக் குடும்பத்தைச் சேர்ந்த மரங்களில் பால் வடிவது பொது இயல்பு. தமிழர்களுக்கு அறிமுகமான பின்வரும் மரங்கள் மகிழத்தின் உறவுகள் ஆகும்.

- சப்போட்டா: மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்டது. இதன் பாலே தொடக்க காலத்தில் சூயிங்கம் தயாரிக்கப் பயன்பட்டது.
- இலுப்பை: இனிப்பான பூவும் எண்ணெய் தரும் விதையும் உடையது. "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை" என்னும் பழமொழி இதனைப் பற்றியது.
- பாலை: வறண்ட காடுகளில் வளர்வது. இதன் மஞ்சள் நிறச் சிறு பழங்கள் இலங்கையின் வன்னிப் பகுதியில் விரும்பி உண்ணப்படுகின்றன. சப்போட்டாவை ஒட்டுக் கட்டும்போது வேர்ச்செடியாகப் பாலைக் கன்று பயன்படுத்தப்படுகிறது.

பயன்கள்

உணவு

பழுத்த பழம் அப்படியே உண்ணப்படுகிறது. சதை குறைவாகவும் விதை பெரிதாகவும் இருப்பதால் இது சந்தைப் பழமாக ஆகவில்லை. மரத்தடியில் பொறுக்கி உண்ணும் பழமாகவே இருந்து வருகிறது. விதை உண்ணத்தக்கது அன்று.

தமிழ்நாட்டில் பண்டிகைக் காலங்களில் செய்யப்படும் மகிழம்பூ முறுக்கில் மகிழம்பூ சேர்வதில்லை. அரிசி மாவும் பருப்பு மாவும் கலந்து விண்மீன் வடிவத் துளையுள்ள அச்சில் பிழியப்படும்போது அதன் விளிம்புகள் மகிழம்பூவின் இதழ்களைப் போல முள் முள்ளாக அமைவதால் இப்பெயர் வந்தது.

பூ

பூக்கள் மாலையாகக் கோக்கப்படுகின்றன. கோயில் வழிபாட்டிலும் பயன்படுகின்றன. காய்ந்த பூக்களைத் துணிகளுக்கு இடையே மணத்துக்காக இடும் வழக்கம் உண்டு. பூக்களிலிருந்து வாசனைத் தைலம் எடுக்கப்படுகிறது. வட இந்தியாவில் மௌல்சிரி அத்தர் என்ற பெயரில் இது அறியப்படுகிறது.

மரம்

மகிழ மரத்தின் வைரம் அடர் சிவப்பு நிறமானது. மிகக் கடினமும் கனமும் உடையது. நீண்ட நாள் உழைக்கும். வீட்டுத் தூண், உலக்கை, வண்டிப் பாகங்கள், கருவிகளின் கைப்பிடி, படகுப் பாகங்கள் முதலியவற்றுக்குப் பயன்பட்டு வந்துள்ளது. மரத்தின் கடினத்தன்மை காரணமாகவே ஆங்கிலத்தில் இதற்குத் துப்பாக்கிக் குண்டோடு தொடர்புபடுத்திய பெயர் வழங்குகிறது. பட்டையில் துவர்ப்புப் பொருள் மிகுதி. அது தோல் பதனிடவும் சாயம் ஏற்றவும் பயன்பட்டது. விதையிலிருந்து எடுக்கப்படும் எண்ணெய் விளக்கு எரிக்கப் பயன்பட்டது.

மருத்துவம்

சித்த, ஆயுர்வேத மருத்துவ முறைகளில் மகிழம் பெரும்பாலும் பற்களோடும் ஈறுகளோடும் தொடர்புபடுத்தப்படுகிறது. பட்டைக் குடிநீரால் வாய் கொப்பளிப்பதும், இளங்குச்சியைப் பல் துலக்கப் பயன்படுத்துவதும், பட்டைத் தூளைப் பற்பொடியில் சேர்ப்பதும் மரபு வழக்கங்கள். ஆடும் பல் உறுதிப்படத் துவர்ப்பான இளங்காயை மெல்லும் பழக்கமும் இருந்தது. காய்ந்த பூவின் தூள் தலைவலிக்கு மூக்குப்பொடி போலப் பயன்படுத்தப்பட்டது. இவை மரபு வழிப் பயன்பாடுகள். நோய்க்கு மருத்துவரின் அறிவுரை பெறுவதே முறையாகும்.

நிழல்

அடர்ந்த முடியும் உதிராத இலையும் உள்ளதால் கோடையிலும் நல்ல நிழல் தரும். முள் இல்லாதது. ஆகவே பள்ளி வளாகம், பூங்கா, பேருந்து நிறுத்தம் போன்ற இடங்களுக்கு ஏற்ற மரமாகக் கருதப்படுகிறது.

திருவொற்றியூரும் மகிழமும்

திருவொற்றியூர் வங்காள விரிகுடாக் கடற்கரையில், சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே அமைந்துள்ளது. தனி நகராட்சியாக இருந்த இவ்வூர் 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. தேவாரப் பாடல் பெற்ற இவ்வூர்க் கோயிலில் இறைவன் ஆதிபுரீசுவரர், படம்பக்க நாதர் என்னும் பெயர்களாலும் இறைவி வடிவுடையம்மன் என்னும் பெயராலும் வழங்கப்படுகின்றனர். கோயிலின் தல மரமாக மகிழம் போற்றப்படுகிறது. அத்தியையும் தல மரமாகக் கூறுவதுண்டு.

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரிய புராணத்தில் இம்மரம் ஒரு முக்கிய நிகழ்ச்சிக்குக் களமாகிறது. ஞாயிறு என்னும் ஊரில் வேளாளர் குடியில் பிறந்த சங்கிலியார், திருவொற்றியூரில் தங்கி இறைவனுக்குப் பூமாலை தொடுத்து வந்தார். அங்கு வந்த சுந்தரர் அவரை மணக்க விரும்பினார். சுந்தரருக்குத் திருவாரூரில் பரவையார் என்னும் மனைவி இருந்ததால், தம்மை விட்டுப் பிரிவதில்லை என அவர் உறுதி கூற வேண்டும் என்று சங்கிலியார் கருதினார். இறைவன் திருமுன் சூளுரைக்க நேர்ந்தால் அதனை மீற இயலாது என எண்ணிய சுந்தரர், அந்த நேரத்தில் கருவறையை விட்டு மகிழ மரத்தின் கீழ் எழுந்தருளுமாறு இறைவனை வேண்டினார். இறைவனும் அதற்கு இசைந்தார். ஆனால் சங்கிலியாரின் கனவில் தோன்றி, சூளுறவை மகிழ மரத்தடியிலேயே கேட்குமாறு அறிவித்து விட்டார். வேறு வழியின்றிச் சுந்தரர் மகிழடியில் சூளுரைத்துச் சங்கிலியாரை மணந்தார்.

பின்னர் திருவாரூர் நினைவு மேலிட, சூளை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியபோது அவரது இரு கண்களும் ஒளி இழந்தன. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்று, காஞ்சிபுரத்தில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் ஒளி பெற்றார் என்பது புராணம். சொன்ன சொல் தவறியதற்கு மகிழ மரம் சாட்சியாக நிற்கும் இக்கதை வட சென்னையில் இன்றும் சொல்லப்படுகிறது. ஆண்டுதோறும் மாசித் திருவிழாவில் இந்நிகழ்ச்சி "மகிழடி சேவை" என்னும் பெயரில் நடத்தப்படுகிறது.

இம்மரம் புராணத்தில் மட்டுமன்றிக் கல்வெட்டிலும் இடம்பெற்றுள்ளது. 12-ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் இராசாதிராச சோழனின் காலத்துத் திருவொற்றியூர்க் கல்வெட்டு ஒன்று, பங்குனி விழாவின்போது இறைவன் மகிழ மரத்தடியில் எழுந்தருள, ஆளுடைய நம்பி எனப்படும் சுந்தரரின் புராணம் படிக்கப்பட்டதையும் மன்னன் அங்கு இருந்ததையும் கூறுகிறது.

இலக்கியத்திலும் பிற கோயில்களிலும்

- சங்க இலக்கியமான குறிஞ்சிப்பாட்டில் கபிலர் வரிசைப்படுத்தும் 99 மலர்களுள் வகுளமும் ஒன்று.
- வைணவ ஆழ்வார்களுள் ஒருவரான நம்மாழ்வார் மகிழம்பூ மாலை அணிந்தவர் என்பதால் வகுளாபரணர், மகிழ்மாறன் என்னும் பெயர்களைப் பெற்றார்.
- திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் தல மரமும் மகிழமே ஆகும்.
- நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருக்கண்ணங்குடியோடு தொடர்புடைய திருமங்கையாழ்வார் கதையில் "காயா மகிழ்" என்னும் தொடர் வருகிறது. ஆழ்வாருக்கு நிழல் தந்த மகிழ மரம் அங்குப் பூத்தும் காய்ப்பதில்லை என்பது அவ்வூர் வழக்கு.
- பெண்கள் வாயால் கொப்பளித்த மது பட்டால் பகுளம் பூக்கும் என்பது வடமொழிக் காப்பியங்களில் காணப்படும் கவிமரபு.

வட சென்னைத் தொழிற்பகுதியில் மகிழம்

இராயபுரத்தில் 1856-இல் தொடர்வண்டி நிலையம் திறக்கப்பட்டதிலிருந்து இக்கடற்கரை படிப்படியாகத் தொழிற்பகுதியாக மாறியது. எண்ணூரில் 1949-இல் மோட்டார் வாகனத் தொழிற்சாலையும், திருவொற்றியூரில் 1956-இல் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும், மணலியில் 1969-இல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. வட சென்னை அனல் மின் நிலையம் 1994 முதல் இயங்கி வருகிறது. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் திறக்கப்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத் தாது ஆகிய தூசு கிளப்பும் சரக்குகளைக் கையாளுவது உயர் நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து 2011-இல் நிறுத்தப்பட்டு எண்ணூருக்கு மாற்றப்பட்டது. இராயபுரம் மக்களுக்கு இது ஆறுதலாக அமைந்தது. எண்ணூர் மக்களுக்குச் சுமை கூடியது.

இத்தகைய இடத்தில் நிற்கும் மரம் உப்புக் காற்று, தூசு, புகை, கனரக வண்டிகளின் நெரிசல், குறுகிய மண்பரப்பு ஆகியவற்றைத் தாங்க வேண்டியுள்ளது. மகிழத்தின் இலை தடித்துத் தோல் போன்று இருப்பதால் இவற்றை ஓரளவு தாங்கும். ஆண்டு முழுவதும் இலை இருப்பதால் காற்றில் வரும் தூசு இலைப் பரப்பில் தொடர்ந்து படிகிறது. மழை பெய்யும்போது அது கழுவப்பட்டு மண்ணை அடைகிறது. இக்காரணங்களால் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பசுமை வளையம் அமைக்கப் பரிந்துரைக்கப்படும் மரங்களுள் மகிழமும் இடம்பெறுகிறது. எனினும் மரங்கள் தூசின் ஒரு பகுதியை மட்டுமே தடுக்கின்றன. தூசும் புகையும் தோன்றும் இடத்திலேயே கட்டுப்படுத்தப்படாவிட்டால் மரமும் நலிவடையும். இலைகளில் தடிப்பாகத் தூசு படியும்போது ஒளிச்சேர்க்கை குறைகிறது.

2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. விழுந்தவற்றுள் இயல்வாகை, குல்மொகர், தூங்குமூஞ்சி முதலிய விரைவாக வளரும் வெளிநாட்டு மரங்கள் பல இருந்தன. அதன் பின்னர் மகிழம், புன்னை, புங்கம், வேம்பு போன்ற நாட்டு மரங்களை நட வேண்டும் என்னும் கருத்து நகரில் வலுப்பெற்றது.

சிறுவர்களுக்கு அறிமுகப்படுத்துதல்

பாடநூலில் படத்தைப் பார்த்து அறிவதை விட ஒரே மரத்தைப் பல மாதங்கள் தொடர்ந்து பார்ப்பதால் சிறுவர்கள் அதனை நன்கு அறிகின்றனர். சீசன்வாட்ச் என்னும் இந்திய அளவிலான திட்டத்தில் பள்ளி மாணவர்கள் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து அதன் இலை, பூ, காய் ஆகியவற்றின் நிலையை வாரந்தோறும் பதிவு செய்கின்றனர். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இயங்கும் தேசியப் பசுமைப் படையின் வழியாகவும் மரம் நடுதல், மரங்களை அறிதல் போன்றவை மேற்கொள்ளப்படுகின்றன. இவற்றுக்கு மகிழம் பொருத்தமான மரம் ஆகும்.

மகிழத்தைக் கொண்டு செய்யத்தக்க எளிய செயல்கள்:

- காலையில் மரத்தடியில் உதிர்ந்த பூக்களைப் பொறுக்குதல். இதழ் மடல்களை எண்ணிப் பார்த்தல். நடுத்துளை ஏன் உள்ளது என்பதைக் கிளையில் தங்கிய சூலகத்தைக் கண்டு அறிதல்.
- பூக்களை நூலில் கோத்து மாலையாக்குதல். அதனை நிழலில் உலர்த்தி, எத்தனை நாள் மணம் இருக்கிறது எனக் குறித்து வைத்தல்.
- சப்போட்டாப் பழத்தையும் மகிழம்பழத்தையும் அருகருகே வைத்து, தோல், சதை, விதை ஆகியவற்றை ஒப்பிடுதல்.
- சாலையோர மரத்தின் இலை ஒன்றையும் வளாகத்தின் உட்புற மரத்தின் இலை ஒன்றையும் வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் படியும் கறையை ஒப்பிடுதல். தாம் மூச்சாக இழுக்கும் காற்றில் என்ன உள்ளது என்பதைச் சிறுவர்கள் இதனால் நேரடியாகக் காணலாம்.
- விதையை நட்டுக் கன்று வளர்த்தல்.

உண்ணத்தக்க பழத்தையும் நச்சுக் காய்களையும் பிரித்தறிதல்

சிறுவர்களுக்கு மரங்களை அறிமுகப்படுத்தும்போது கற்பிக்க வேண்டிய இன்றியமையாத செய்தி இதுவாகும். மகிழம்பழம் உண்ணத்தக்கது என்று மட்டும் சொல்லி விடுவது போதாது. சாலையோரங்களிலும் வெற்று நிலங்களிலும் காணப்படும் சில செடிகளின் காய்கள் உயிருக்கே கேடு விளைவிப்பவை.

- மகிழம்: முட்டை வடிவம், செம்மஞ்சள் நிறம், மாவு போன்ற சதை, பெரும்பாலும் ஒரே பழுப்பு நிற விதை. இலை நீள்வட்டமானது, ஓரம் நெளிந்தது.
- மஞ்சள் அரளி (பொன்னரளி): முக்கோணம் போன்ற பச்சைக் காய், முதிரும்போது கறுக்கும். பூ மஞ்சள் நிறப் புனல் வடிவம். இலை நீண்டு மிகக் குறுகியது. செடி முழுவதும் நச்சு உடையது. விதை இதயத் துடிப்பைப் பாதித்து உயிரிழப்பை ஏற்படுத்தக் கூடியது.
- காட்டாமணக்கு: உருண்டையான பச்சைக் காய், பழுத்து மஞ்சளாகிப் பின் கறுக்கும். உள்ளே பெரும்பாலும் மூன்று கருநிற விதைகள். இலை அகன்று மடல்களாகப் பிரிந்தது. விதை சுவையாக இருப்பதால் சிறுவர்கள் உண்டுவிடுவதுண்டு. கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்படும்.
- புன்னை: கோலி போன்ற உருண்டைப் பச்சைக் காய், கடினமான ஓடு. இலையின் நரம்புகள் நெருக்கமான இணைகோடுகளாக இருக்கும். கொட்டையிலிருந்து எண்ணெய் எடுக்கப்படும், உண்ணத்தக்கது அன்று.

பால் வடியும் செடிகள் எல்லாம் நச்சு என்பதோ, பறவை உண்ணும் பழம் எல்லாம் மனிதரும் உண்ணலாம் என்பதோ சரியான விதிகள் அல்ல. மகிழமும் சப்போட்டாவும் பால் வடிபவை. மஞ்சள் அரளியும் பால் வடிவதே. மரத்தை முழுமையாக அடையாளம் கண்ட பெரியவர் ஒருவர் காட்டித் தந்த பின்னரே பழத்தை உண்ண வேண்டும் என்பதே சிறுவர்களுக்கு ஏற்ற விதி. நச்சுக் காயை உண்டது தெரிய வந்தால் அறிகுறிகள் தோன்றும் வரை காத்திராமல், உண்ட காயின் மிச்சத்தையும் எடுத்துக் கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 108 என்ற எண்ணில் அவசர ஊர்தி கிடைக்கும்.

தொழிற்பகுதியில் பொறுக்கிய பழத்தைத் தூசு நீங்க நல்ல நீரில் நன்கு கழுவிய பின்னரே உண்ண வேண்டும். சாக்கடையை ஒட்டியோ எண்ணெய்க் கழிவு படிந்த மண்ணிலோ விழுந்த பழங்களைத் தவிர்க்க வேண்டும்.

வளர்ப்பு

மகிழம் விதை மூலமும் பதியம் மூலமும் இனப்பெருக்கம் செய்யப்படுகிறது. பழுத்து விழுந்த பழத்தின் சதையை நீக்கிக் கழுவி, நிழலில் உலர்த்திய விதையை விரைவில் நட வேண்டும். நாட்பட்ட விதையின் முளைப்புத் திறன் குறைந்து விடும். விதையுறை கடினமானது என்பதால் முளைக்கச் சில வாரங்கள் ஆகும்.

கன்று மெதுவாகவே வளரும். பூக்கப் பல ஆண்டுகள் ஆகலாம். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குக் கோடையில் நீர் ஊற்றுவதும், ஆடு மாடுகள் மேயாதபடி கூண்டு அமைப்பதும் தேவை. கடற்கரையை அடுத்த மணற்பாங்கான இடங்களில் குழியில் செம்மண்ணும் தொழு உரமும் கலந்து இடுவது நல்லது. மின்கம்பிகளுக்கு நேர் கீழே நட்டால் பின்னர் கிளைகள் வெட்டப்பட்டு மரத்தின் உருண்டை வடிவம் கெடும். நடைபாதையில் நடும்போது அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்ட் பூசி அடைத்து விடாமல், மழைநீர் இறங்கவும் வேர் மூச்சு விடவும் மண்பரப்பு விடப்பட வேண்டும். வேர் பிடித்து நிலைத்து விட்ட மரம் மிகுந்த பராமரிப்பு இன்றியே நெடுங்காலம் வாழும்.

இவற்றையும் பார்க்கவும்

- இலுப்பை
- சப்போட்டா
- தல மரம்
- திருவொற்றியூர்
- புன்னை